பெயர் கேட்காத கேமரா

ஜனவரி 26, ஞாயிறு

மாலையில் பொன்னி குடியிருப்பின் பொதுக்குழு. இடம் வழக்கம்போல் கார் நிறுத்துமிடம். கூட்டமும் வழக்கம்போல்தான். எட்டு வீட்டில் ஐந்து வீடு வந்தது, அதில் ஒன்று சுண்டல் தீர்ந்ததும் எழுந்து போய்விட்டது. திருச்சியில் எத்தனையோ குடியிருப்புகள் இருக்கின்றன, செயலாளரை இவ்வளவு குறைவாக மதிப்பது எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கீழ்வீட்டு வெற்றிச்செல்வி டீச்சர் எழுந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். தனியாக இருக்கிறார். சாமி, பூதம், நல்ல நேரம் எதுவும் கிடையாது. சுற்றுச்சுவர் ஓரமாகச் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி என்று வளர்க்கிறார். பூத்தால் நின்று பார்ப்பார், அவ்வளவுதான். ஒன்றைக்கூடப் பறிக்க மாட்டார்.

"மூணு வாரமா விடியறதுக்குள்ள யாரோ செடியை மொட்டை அடிச்சுட்டுப் போறாங்க, செகரட்டரி சார். சாமிக்குன்னு சொல்லிட்டா திருட்டு இல்லன்னு ஆயிடுமா?"

இதைச் சொன்னபோது அவர் என் மனைவி கோமளா இருந்த பக்கம் பார்க்கவில்லை. இரண்டு வருடமாகவே பார்ப்பதில்லை. கேட் அருகே ஒரு சின்னப் பிள்ளையார் வைக்க வேண்டும் என்று கோமளா கேட்டாள். பொது இடத்தில் கூடாது என்று டீச்சர் எழுதிக் கொடுத்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

கேமரா வாங்குவது என்று முடிவாயிற்று. இணையத்தில் ஓடும் கேமரா, எங்கிருந்தும் போனில் பார்க்கலாம். அதற்குப் பாஸ்வேர்ட் என்ன வைப்பது என்பதில்தான் முக்கால்வாசிக் கூட்டம் போயிற்று. பொருளாளர் சவரிமுத்து வேளாங்கண்ணி என்றார். மாடிவீட்டார் சமயபுரம் என்றார்கள். சாமி பெயர் எதுவுமே கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். கடைசியில் கட்டடத்தின் பெயரும் கட்டிய வருடமும் சேர்த்துப் பொன்னி2011 என்று சவரிமுத்து முன்மொழிய, டீச்சர் வழிமொழிய, ஏகமனதாக நிறைவேறியது. தீர்மானத்தை முறைப்படி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

திருடுபவரின் படத்தை அதே போர்டில் ஒட்டுவது என்றும் தீர்மானம். அதற்கு நானே ஒரு திருத்தம் கொண்டுவந்தேன்: அது கமிட்டி உறுப்பினர் வீட்டு ஆளாக இருந்தால் அந்த உறுப்பினர் பதவி விலக வேண்டும். கைதட்டினார்கள். நான் செயலாளரான இந்த ஆறு வருடத்தில் இதுதான் முதல் கைதட்டல்.

வீட்டுக்கு வந்ததும் கோமளா கேட்டாள், "ஏங்க, அந்தக் கேமராவுக்கு இருட்டுல கண்ணு தெரியுமா?" பொது விஷயத்தில் அவளுக்கு இவ்வளவு அக்கறை இருப்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஜனவரி 29, புதன்

கேமரா வந்தது. படிக்கட்டுக்கு மேலே, செடி வரிசையைப் பார்த்தபடி மாட்டியிருக்கிறது. மாட்ட வந்தவர் வெளியிலிருந்து பார்ப்பதற்கு ரவுட்டரில் வழி திறந்துவிட்டு, "மத்ததெல்லாம் கம்பெனி வெச்சபடியே இருக்கு சார், நீங்களே மாத்திக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் என்று சொன்னேன். அவர் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

கேமராவின் முகவரியையும் போர்டில், பாஸ்வேர்டுக்குக் கீழே, எழுதி வைத்தேன். எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்று சிவப்பு மையில்.

ஜனவரி 30, வியாழன்

கேமரா இன்று காக்காக் கூட்டைக் காட்டுகிறது.

ஜனவரி 31, வெள்ளி

விசாரித்தேன். கேமராவை யார் வேண்டுமானாலும் போனிலிருந்தே இடவலமாகத் திருப்பலாமாம். மாடிவீட்டுப் பெண் காக்காக் குஞ்சு பார்க்கத் திருப்பியிருக்கிறாள். சவரிமுத்து தன் ஸ்கூட்டரைப் பார்க்கத் திருப்பியிருக்கிறார். யாரோ ஒருவர் தேதியை மாற்றி, கேமராவின் கணக்கில் நாம் போன வருடத்தில் இருக்கிறோம்.

பாதுகாப்பு என்பது இதுவல்ல. உட்கார்ந்து கையேட்டைப் படித்தேன். அட்மின் என்றால் எல்லாம் மாற்றலாம், வியூவர் என்றால் பார்க்க மட்டும் செய்யலாம். அட்மின் பாஸ்வேர்டை மாற்றி நான் மட்டும் வைத்துக்கொண்டேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் உண்டு. வியூவர் கணக்குகளைச் சோதனை முடிந்த பிறகு தருவதாக அறிவித்தேன். அதுவரை பார்ப்பது நான் ஒருவன்தான்.

சவரிமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தாண்டவமூர்த்தி சார், கேமரா எல்லார் காசுலதானே வாங்கினது?" என்றார். ராணுவத்தையும்தான் எல்லார் காசில் நடத்துகிறார்கள், ஆளுக்கொரு துப்பாக்கியா கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

பிப்ரவரி 1, சனி

இன்று காலைப் பதிவில் ஓர் உருவம் தெரிந்தது.

படம் அவ்வளவு தெளிவாக இல்லை. பச்சைப் புடவை. பச்சைப் புடவை இல்லாத பெண் இந்த ஊரில் யார்? படியிறங்கும்போது இடது முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறார். முழங்கால் வலி யாருக்குத்தான் இல்லை. கையில் பித்தளைப் பூக்குடலை. சரி, பித்தளைக் குடலை கொஞ்சம் அபூர்வம்தான்.

நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூஜை அலமாரியில் எங்கள் பிள்ளையார் படத்துக்குச் சிவப்பாக ஒரு செம்பருத்தி வைத்திருந்தது. "ஏது பூ?" என்றேன். "கடையில வாங்கினேன்" என்றாள் கோமளா, குடலையைத் துடைத்தபடி. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உப்புமா நன்றாக இருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பீரோவில் பனியன்களுக்கு அடியில் வைத்த இந்த டைரி இன்று பனியன்களுக்கு மேலே இருந்தது. பனியன்கள் மடித்தும் இருந்தன. நான் மடிப்பதில்லை.

ஆகையால் இனிமேல் சொந்த விஷயம் எதுவும் இதில் எழுதப்போவதில்லை. தொழில்நுட்பக் குறிப்புகள் மட்டும்.

குறிப்பு: அசைவு தெரிந்தால் மட்டுமே கேமரா பதிவு செய்யும். எந்த இடத்து அசைவைக் கவனிப்பது என்று திரையில் கட்டம் போட்டுச் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஓரமாக இடது பக்கம் கட்டம் போட விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பக்கமாக ஒருவர் வந்து போனால் பதிவே ஆகாது. இதை நான் நாளை வரை சரிசெய்யப்போவதில்லை, ஏனென்றால் இடுப்பு வலிக்கிறது. பச்சை நிறம் மட்டும் இந்தக் கேமராவில் பளிச்சென்று தெரிகிறது என்பதையும் பதிவு செய்கிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அந்த உருவம் இன்று தொட்டி ஓரமாகவே வந்தது. பதிவு ஆகவில்லை. நேரலையில் நான் மட்டும் பார்த்தேன். பச்சைப் புடவை இல்லை. பழுப்புச் சால்வையும், தலையை முழுக்க மூடிய மங்கி குல்லாவும். அதே மாதிரிக் குல்லா ஒன்று என்னிடமும் இருந்தது. காலையில் நடக்கப் போகும்போது தேடினேன், கிடைக்கவில்லை.

திருடப் போகிற ஆளுக்குக் குளிராவது அடிக்காமல் இருக்கட்டும்.

பிப்ரவரி 5, புதன்

டீச்சர் பெட்டியுடன் வீட்டு வாசலில் வந்து நின்றார். தஞ்சாவூரில் தங்கை வீட்டுக்குப் போகிறாராம், வர இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். ஆள் கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது. கதவைத் திறந்த கோமளா ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். போனவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், கொலுசு தெரிந்தது.

"எனக்கு அந்த வியூவர் கணக்கைக் கொடுங்க சார். அங்கேருந்தே நான் கண்டுபிடிக்கிறேன்."

"சோதனை இன்னும் முடியல டீச்சர்."

"மூணு பிரிவு பிள்ளைங்களுக்கு ஒரே நேரத்துல பரீட்சை வெச்சவ நான். யார் யாரைப் பார்த்து எழுதுறான்னு முதுகைப் பார்த்தே சொல்லுவேன். கொடுங்க."

கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அவருடைய செடி, அவருடைய புகார்.

ஆட்டோ கிளம்பியதும் மடிக்கணினியைத் திறந்தேன். கேமராவில் மறைப்புக் கட்டம் என்று ஒரு வசதி இருக்கிறது. அடுத்த வீட்டு ஜன்னல் போன்றவை படத்தில் விழாமல் கறுப்புப் பட்டை போட்டு மறைக்கலாம். பிறருடைய அந்தரங்கத்தை மதிப்பது செயலாளரின் கடமை. செம்பருத்தியின் அந்தரங்கத்தை மதித்து ஒரு கட்டம் போட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

டீச்சரிடமிருந்து செய்தி: "செம்பருத்தி மேல கறுப்புக் கட்டம் இருக்கு. எடுங்க."

தொழில்நுட்பக் கோளாறு என்று பதில் போட்டேன். "கோளாறு இவ்வளவு ஒழுங்கான செவ்வகமா வராது" என்று வந்தது.

வேறு வழி தேடினேன். எந்தெந்த முகவரியிலிருந்து வருபவரை மட்டும் கேமரா உள்ளே விட வேண்டும் என்று பட்டியல் கொடுக்கலாம். பட்டியலில் என் மடிக்கணினியின் முகவரியை மட்டும் எழுதிச் சேமித்தேன். இனி டீச்சர் தஞ்சாவூரிலிருந்து எத்தனை முறை தட்டினாலும் கதவு திறக்காது. கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது, மதியம் கரண்ட் போகிற வரை. கரண்ட் வந்ததும் ரவுட்டர் என் மடிக்கணினிக்குப் புது முகவரி கொடுத்துவிட்டது. இப்போது கேமரா என்னையும் உள்ளே விட மாட்டேன் என்கிறது.

ஆக, இன்று கேமராவைப் பார்க்க உலகத்திலேயே யாராலும் முடியாது. இதைவிடப் பாதுகாப்பான கேமரா இருக்க முடியுமா என்று சவரிமுத்துவிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

கேமராவின் அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. அதற்குள் குத்தி அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து, கம்பெனியிலிருந்து வந்தபடி ஆகிவிடுமாம். குத்துவதற்கு ஏதாவது வேண்டும் என்றேன். கோமளா தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். ஏணியையும் பிடித்துக்கொண்டாள்.

"அமுக்கினா எல்லாமே அழிஞ்சிடுமா?"

"செட்டிங் எல்லாம் அழியும். பதிவு தனியா கார்டுல இருக்கு, அது அழியாது."

"ஓ" என்றாள். ஏணி லேசாக ஆடியது.

திரும்ப எல்லாவற்றையும் செய்தேன். தேதி, அட்மின் பாஸ்வேர்ட், இந்த முறை தொட்டி ஓரத்தையும் சேர்த்து அசைவுக் கட்டம். டீச்சரின் வியூவர் கணக்கை மட்டும் திரும்ப உண்டாக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். அவரால்தான் பார்க்க முடியாதே என்று மறைப்புக் கட்டமும் போடவில்லை. தொட்டி ஓரம் பாசி பிடித்து வழுக்குகிறது, விடியற்காலையில் அந்த வழியாக நடக்கிற யாரோ ஒருவர் விழாமல் போகிறாரா என்று ஒருவராவது பார்க்க வேண்டாமா?

ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகளாக டிக் போட்டு வந்திருந்தது. கண் வலித்தது. கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா என்று அப்படியே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சவரிமுத்து கேட்டருகே மடக்கிப் பிடித்தார். அடுத்த ஞாயிறு பொதுக்குழு, அதில் பதிவைப் போட்டுக் காட்ட வேண்டுமாம். "நீங்க கொண்டுவந்த திருத்தம் வேற இருக்கு பாருங்க சார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன். பதவி போனால் போகிறது, இந்த வீட்டில் யாருக்கும் அது இருப்பதே தெரியாது. ஆனால் ஒருவருடைய படம் அந்தப் போர்டில், தண்ணீர் லாரி வரும் நேரத்துக்குப் பக்கத்தில், திருடி என்று தொங்கும். டீச்சர் ஊரிலிருந்து வந்து அதைப் பார்ப்பார். பிள்ளையாரில் தொடங்கிய பகை அதோடு முற்றிவிடும், பிறகு அந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப்போவதே இல்லை.

நேரே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டால் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் எனக்குத் தெரிந்ததாகிவிடும். தெரிந்துவிட்டால் செயலாளர் நடவடிக்கை எடுக்க வேண்டும். முப்பத்து நாலு வருடமாக இவளிடம் எதை எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துதான் குடித்தனம் ஓடுகிறது.

கார்டை அழிப்பதற்கு ஒரே ஒரு பட்டன்தான். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதிவில் மங்கி குல்லா போட்டுக்கொண்டு குனிந்து ஒவ்வொரு பூவாகப் பறித்து, பறித்த செடியைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு நகர்கிறாள் அந்த நபர். அழிக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

காந்தி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கூடை நிறையப் பூ வாங்கி வந்து சமையலறையில் வைத்தேன். செம்பருத்தி கிடைக்கவில்லை. சாமந்தி, ரோஜா, அரளி. யாருக்காவது தேவைப்படலாம் என்று பொதுவாகச் சொன்னேன்.

கோமளா கூடையைப் பார்த்தாள். "இது ஆகாதுங்க."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"இது நீங்க வாங்கினது. இதை வெச்சுக் கும்பிட்டா புண்ணியம் உங்களுக்குத்தான் வரும்."

"எனக்கு வந்தா என்ன தப்பு?"

"உங்களுக்கென்ன குறைச்சல், குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் வேறு. எதற்கென்று சொல்லவில்லை. கூடைப் பூவை மாடிவீட்டுக்குக் கொடுத்தோம்.

பிப்ரவரி 12, புதன்

தொழில்நுட்பக் குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் பதிவைக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் கேமராவில் நான் அறிந்த எல்லா வித்தையும் தீர்ந்துவிட்டது. ஆகையால் அந்த நபர், யாராக இருந்தாலும், இனி பூப்பறிக்கப் போகாமல் இருப்பது நல்லது என்று கேட்டுக்கொள்கிறேன். உத்தரவு இல்லை. கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

யாரும் வரவில்லை. செடி நிறையப் பூ. பார்க்க நன்றாக இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றும் வரவில்லை. கோமளா சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள், சாப்பிடவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். நான் டைரியில் அப்படி எழுதியிருக்கக் கூடாதோ என்று இருந்தது.

மாலையில் டீச்சரிடமிருந்து போன். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை.

"உங்க வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையா சார்?"

"நல்லாத்தான் இருக்கா டீச்சர். ஏன்?"

"ரெண்டு நாளா பூப்பறிக்க வரலையே?"

"நீங்க எப்படி... உங்க கணக்குதான்..."

"கணக்கா? பேரும் கேக்கல, பாஸ்வேர்டும் கேக்கல. போர்டுல சிவப்பு மையில எழுதினீங்களே அந்த முகவரியைப் போட்டா நேரா உள்ள விடுது. ஒரு வாரமா தினமும் பார்க்கிறேன்."

கண் வலிக்கிறதென்று நான் விட்டுவந்த அந்தப் பக்கம். பெயர் கேட்காமலே யாரையும் பார்க்க விடலாம் என்று ஒரு டிக். கம்பெனிக்காரன் போட்டு அனுப்பியது.

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். டீச்சர் பேச விடவில்லை.

"நான் தஞ்சாவூர்ல இல்ல சார். எனக்குத் தங்கச்சியே கிடையாது. சென்னையில ஆஸ்பத்திரியில இருக்கேன். வயித்துல கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன். யாருக்கும் சொல்லல. கோமளவல்லிக்கு மட்டும் தெரியும், பொங்கலுக்கு முன்னாடி ஸ்கேன் எடுக்கற இடத்துல என்னைப் பார்த்துட்டாங்க. அப்பவும் பேசல. பையை மட்டும் தூக்கிட்டு வந்து ஆட்டோவுல வெச்சுட்டுப் போனாங்க. அதுக்கப்புறம்தான் என் செடியில பூ காணாமப் போக ஆரம்பிச்சது."

சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"முதல்ல கேமராவுல அவங்களைப் பார்த்ததும் வீம்புக்குச் செய்யறாங்கன்னுதான் நினைச்சேன். இங்க நர்ஸம்மாகிட்டக் காட்டினேன். அவங்கதான் சிரிச்சுட்டுச் சொன்னாங்க. யாரு செடிப் பூவோ, கும்பிட்ட புண்ணியம் அவங்களுக்குத்தான் போகுமாமே. அப்படியா சார்?"

"அப்படித்தான் சொல்வாங்க டீச்சர்."

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் டீச்சர்."

பிறகு, "நாளைக்கு வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கூடத்தில் நின்றுகொண்டே இருந்தேன். குத்துக்கல் என்று அவள் சொன்னது சரிதான். ஒரு கூடைப் பூவை வாங்கி வந்து நீட்டினேனே, மடையன். எனக்கு அழுகை வந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

சமையலறைக்குப் போய், "நாளைக்கு விடிகாலையில குளிர் அதிகமா இருக்குமாம். என் மங்கி குல்லாவைத் தேடினேன். கிடைச்சா யாராவது போட்டுக்கலாம்" என்றேன். கோமளா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேறு ஏதோ வேலை இருப்பதுபோல் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

வந்தாள்.

தொட்டி ஓரமாக இல்லை. நடுவாசல் வழியாக, குல்லா இல்லாமல். நான் நேரலையில் பார்க்கவில்லை, டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே போயிருந்தேன். தொட்டி ஓரத்துப் பாசியையும் சுரண்டிவிட்டேன். போன கையோடு டீச்சரிடமிருந்து செய்தி: "எல்லாத்தையும் பறிக்கறாங்க. செடிக்கு மூணு பூவாவது விடச் சொல்லுங்க."

விட்டோம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பொதுக்குழு. டீச்சர் வீடு தவிர ஏழு வீடும் வந்திருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எழுந்து நின்று, பதிவைக் காட்டத் தேவையில்லை, அது என் வீட்டு ஆள்தான், நான் கொண்டுவந்த திருத்தத்தின்படி பதவி விலகுகிறேன் என்று சொன்னேன். டீச்சரின் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது அவருடைய விஷயம். கோமளா பக்கத்தில் எழுந்து, "நான்தான் பறிச்சேன்" என்றாள், வாழைக்காய் நான்தான் வாங்கினேன் என்பது போல.

ஒருவரும் அதிர்ச்சி அடையவில்லை. சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். "சார், அது எங்களுக்குப் போன வாரமே தெரியும். கேமராதான் யாரையும் பேரு கேக்கறதே இல்லையே? எங்க வீட்டுல காலையில ஜெபம் முடிஞ்ச கையோட அதைத்தான் பாக்குறாங்க. நடுவுல ரெண்டு நாள் குல்லாக்கா வரலன்னு என்னைப் போய் விசாரிக்கச் சொல்லி ஒரே தொந்தரவு."

குல்லாக்கா. எல்லோரும் சிரித்தார்கள். கோமளாவும் சிரித்தாள். என் ரகசியக் குறிப்புகள், கறுப்புக் கட்டம், பூட்டு, ஊக்கு எல்லாம் எனக்கு ஒருமுறை கண்முன் வந்து போயின.

புகார் கொடுத்தவர் என்ன சொல்கிறார் என்று ஒருவர் கேட்டார். டீச்சர் காலையில் அனுப்பிய செய்தியைப் படித்தேன்: "புகாரை வாபஸ் வாங்குகிறேன். என் செடியில் கோமளவல்லி பறிக்கலாம். வேறு யாராவது பறித்தால் கையை ஒடிப்பேன்."

ராஜினாமா ஏற்கப்படவில்லை. என்மேல் உள்ள மதிப்பால் என்று எழுத ஆசைதான். அடுத்த செயலாளர் யார் என்று கேட்டதும் எல்லா வீடும் அவரவர் செருப்பைப் பார்த்தது என்பதே உண்மை. படம் ஒட்டும் தீர்மானம் மட்டும் செல்லும் என்று மாடிவீட்டார் விளையாட்டுக்குச் சொல்ல, "ஒட்டுறதுன்னா நல்ல படமா ஒட்டுங்க, குல்லா வேண்டாம்" என்றாள் கோமளா. கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றை அவளே எடுத்துக் கொடுத்தாள். போர்டில் இருக்கிறது. தண்ணீர் லாரி நேரத்துக்குப் பக்கத்தில்.

இரவு சாப்பாட்டுக்கு முன் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். சிவப்பு மை முகவரியையும் கிழித்தாயிற்று. இனி ஒவ்வொருவரும் பெயர் சொல்லித்தான் உள்ளே வர முடியும். டீச்சருக்கு ஒரு வியூவர் கணக்கு உண்டாக்கினேன். "பாஸ்வேர்ட் நான் சொல்றேன்" என்று கோமளா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொன்னாள். வேண்டாம் என்றேன். அதேதான் என்றாள். டீச்சருக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஆபரேஷன். கோமளா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பூப்பறித்தாள். பறித்து முடித்து, கேமராவை நிமிர்ந்து பார்த்து, குடலையைச் சாய்த்துக் காட்டினாள்.

மதியம் வரை செய்தி இல்லை. மாலை வரையிலும் இல்லை. நான் கேமராவின் கடிகாரத்தைத் தேவையில்லாமல் திருத்திக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த நர்ஸம்மா போன் செய்தார். கட்டியை எடுத்துவிட்டார்கள், நல்லபடியாக முடிந்தது. கோமளா பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ராத்திரிக்குத் தோசை நான்தான் வார்த்தேன், எல்லாம் வெவ்வேறு வடிவம்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் டீச்சரிடமிருந்து போன். குரல் மெலிந்துதான் இருந்தது, கோபம் மெலியவில்லை.

"பாஸ்வேர்ட் வெச்சது யாரு?"

"டீச்சர், அது பாதுகாப்புக்காக..."

"பிள்ளையார்னு வெச்சிருக்கு. ஒவ்வொரு தடவை செடியைப் பார்க்கணும்னாலும் நான் பிள்ளையார் பேரை எழுத வேண்டியிருக்கு. காலையிலேருந்து நாலு தடவை எழுதிட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா கன்னத்துல போட்டுக்கறாங்க. கோமளவல்லிகிட்டச் சொல்லிடுங்க, நான் மட்டும் எழுந்து வந்தேன்னா..." மூச்சு வாங்கியது. "வேண்டாம், நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்றேன். போனை அவங்ககிட்டக் கொடுங்க."

கொடுத்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு. கோமளா போனை வாங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, நான்தான் வெச்சேன், இப்ப என்னங்கறீங்க?" என்று ஆரம்பித்தாள். சண்டை அரை மணிக்கு மேல் நடந்தது. குக்கர் நாலு விசில் கூடுதலாக அடித்தது. அடுப்பை நான்தான் அணைத்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மங்கி குல்லா துவைச்சுக் காயப் போட்டிருக்கேன், எடுத்துக்கங்க. டீச்சரம்மாவுக்கு அடுத்த வாரம் டிஸ்சார்ஜ், ரெண்டு பேரும் போய்க் கூட்டிட்டு வரலாம், டிக்கெட் போடுங்க. பாஸ்வேர்டை மாத்தக் கூடாது. மாத்தச் சொல்லி அவங்க உங்ககிட்டக் கேப்பாங்க, மசியாதீங்க.

இந்த டைரியை நான் இதுவரைக்கும் படிச்சதே இல்லை.

கோமளா